மஞ்சளும் மணமும் மறுக்கப்பட்ட காலத்தில்... காந்திகிராமத்தைத் தந்த டாக்டர் சௌந்தரம்!

ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்துவிட்டால், திண்டுக்கல் பக்கம் காலையிலேயே சிறுமலையிலிருந்து ஈரக் காற்று இறங்கிவரும். வீட்டில் நல்லெண்ணெய் காயும் வாசம், நலங்கு மாவு, குளித்து வந்ததும் தலைக்குச் சாம்பிராணிப் புகை... இந்தச் சுகமெல்லாம் நமக்கு ரொம்ப சாதாரணம், இல்லையா? ஆனா, நூறு வருஷத்துக்கு முன்னாடி கணவனை இழந்த பெண்ணுக்கு மஞ்சள், பூ, வாசனை எல்லாமே விலக்கு. அப்படியொரு காலத்தில் இளம் வயதிலேயே கணவரை இழந்தவர்தான், திண்டுக்கல் - மதுரை சாலையில் இருக்கும் காந்திகிராமத்தை உருவாக்கிய டாக்டர் சௌந்தரம்.

டி.வி.எஸ் நிறுவனர் டி.வி.சுந்தரம் ஐயங்காரின் மகள். 1904-ல் பிறந்தவர். சின்ன வயசுலேயே திருமணம். டாக்டரான கணவர், பிளேக் நோய்க்குப் பலியானார். வசதியான வீடுதான். ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தாலும் சோற்றுக்குக் குறை வந்திருக்காது. ஆனா, அவர் புத்தகத்தைக் கையில் எடுத்தார். டெல்லி லேடி ஹார்டிங் மருத்துவக் கல்லூரியில் படித்து, 1936-ல் டாக்டராக வெளியே வந்தபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது.

டெல்லியில் கிடைத்த சுசீலா நய்யாரின் நட்பு, அவரை காந்தியிடம் கொண்டுசேர்த்தது. அங்கே ஜி.ராமச்சந்திரனைச் சந்தித்தார். இருவரும் மணம் செய்துகொள்ள விரும்பினார்கள். விதவை மறுமணம், அதுவும் சாதி கடந்து! வீட்டில் எதிர்ப்பு கிளம்பியது. ஒரு வருஷம் பிரிந்திருந்து பாருங்கள் என்றார் காந்தி. பிரிந்திருந்தும் மனசு மாறவில்லை. 1940-ல் அவருடைய ஆசியோடு கல்யாணம் நடந்தது.

பிறகு, கஸ்தூரிபா நினைவு அறக்கட்டளையின் தென்னிந்தியப் பொறுப்பு சௌந்தரத்திடம் வந்தது. 1947-ல் சின்னாளப்பட்டி அருகே காந்திகிராமம் தொடங்கியது. ஊரில் ஒரு சின்ன மருத்துவ மையமாக ஆரம்பித்த வேலைதான் இன்றைய கஸ்தூரிபா மருத்துவமனை. ஆதரவற்ற குழந்தைகளுக்கு சௌபாக்கிய இல்லம் வந்தது. 1956-ல் தொடங்கிய கிராமிய நிறுவனம், 1976-ல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது.

அலோபதி படித்த டாக்டர்தான். ஆனாலும், அவர் நட்ட மரத்தின் கிளைகளில் நம்ம ஊர் மருத்துவத்துக்கும் இடம் இருந்தது. காந்திகிராமத்தின் லட்சுமி சேவா சங்கம் சித்த, ஆயுர்வேத மருந்துகளைத் தயாரிக்கிறது. கதர், சோப்பு போன்ற கிராமத் தொழில்களும் இங்கே உண்டு. இதில் அழகைவிடப் பெரிய விஷயம், கிராமத்துப் பெண் கைக்குக் கிடைக்கும் கூலி. தன் காசில் தனக்கு ஒரு சோப்பு வாங்கிக்கொள்வதும் ஒருவகை விடுதலைதானே?

ஆத்தூர், வேடசந்தூர் தொகுதிகளின் எம்.எல்.ஏ, 1962-ல் திண்டுக்கல் எம்.பி, மத்திய கல்வித்துறைத் துணை அமைச்சர் எனப் பொறுப்புகள் வந்தன. பத்மபூஷண் விருதும் அதே 1962-ல் கிடைத்தது. 1967-க்குப் பிறகு மறுபடியும் கிராமப் பணிதான். 1984 அக்டோபரில், இதேபோலொரு மழைக்காலத்தில் மறைந்தார். 2005-ல் இந்திய அரசு அவருக்குத் தபால்தலை வெளியிட்டது.

இந்த ஐப்பசியில் நீங்களும் வாரம் ஒருநாள் உங்களுக்காக ஒதுக்குங்க. நல்லெண்ணெயில் ரெண்டு மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டு லேசாகச் சூடுபண்ணி, கை பொறுக்கும் சூட்டில் உடம்பெல்லாம் தேயுங்க. கால் மணி நேரம் கழித்து, பாசிப்பயறு மாவும் கஸ்தூரி மஞ்சளும் குழைத்துத் தேய்த்து, வெந்நீரில் குளிங்க. சளி, காய்ச்சல் இருந்தா வேண்டாம். தோலில் புண், அரிப்பு இருந்தா முதலில் டாக்டரைப் பாருங்க.

வீட்டில் தனியாக வாழும் அத்தையோ சித்தியோ இருந்தா, அந்தக் கிண்ணத்தில் அவங்களுக்கும் கொஞ்சம் எண்ணெய் எடுத்து வைங்க. தலைக்கு ஒரு முழம் பூவும் சேர்த்துக் கொடுங்க. சௌந்தரம் வாழ்ந்துகாட்டியது அதைத்தானே!