பாதையைப் பொதுவாக்கிய பட்டிவீரன்பட்டியார்

வியாழக்கிழமை என்றால் விடிவதற்கு முன்பே விழித்துக்கொள்ளும் ஊர் அய்யலூர். ஆட்டுச் சந்தை நாள் அது. மலையோரச் சிற்றூர்களிலிருந்து ஆடு ஓட்டி வருவோர், திருச்சிப் பக்கமிருந்தும் மதுரைப் பக்கமிருந்தும் வந்திறங்கும் வியாபாரிகள், ஏற்றி இறக்கும் கூலித் தோழர்கள் என்று இருட்டிலேயே கூட்டம் சேர்ந்துவிடும். முதல் நாள் இரவுக் கூட்டத்தில் பேசித் தொண்டை கட்டிப்போன நாம், அந்தச் சந்தை இரைச்சலுக்கு நடுவே ஒரு தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்திருந்தோம். பக்கத்தில் ஒரு தோழர். மூட்டை தூக்கிப் பிழைப்பவர். கூட்டம் என்றால் கொடிக்கம்பம் நடுவதிலிருந்து பாய் சுருட்டுவது வரை உடனிருப்பவர். அவர் நம்மைக் கேட்டார், ஏன் அண்ணே, மெட்ராசிலே பாண்டி பஜார் பாண்டி பஜார் என்கிறார்களே, அது பாண்டிச்சேரிக்காரர்கள் கடை வைத்த இடமா என்று.

நமக்குச் சிரிப்பு வரவில்லை, தோழர்களே! வெட்கம் வந்தது. அவரைக் குறித்தல்ல, நம்மைக் குறித்து! திண்டுக்கல்லைத் தாண்டிச் செம்பட்டி வழியாக வத்தலக்குண்டு போகும் பக்கம், பழனி மலைத் தொடரின் அடிவாரத்திலே இருக்கிறது பட்டிவீரன்பட்டி. அந்த ஊரின் பிள்ளை, நம் மாவட்டத்து மண்ணின் மைந்தன், அவன் பெயரைத்தான் தலைநகரின் கடைத்தெரு தாங்கி நிற்கிறது என்பதை, மேடைதோறும் முழங்கும் நாம் அந்த மூட்டை தூக்கும் தோழனுக்கு இத்தனை நாள் சொல்லாமல் விட்டோமே! பாண்டிச்சேரி அல்ல, தோழரே, சவுந்தரபாண்டியன். ஊ.பு.அ. சவுந்தரபாண்டியன் அங்காடி என்பதுதான், அவசரக்காரர் வாயில் தேய்ந்து பாண்டி பஜார் ஆகிவிட்டது.

1893-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் பிறந்தவர் அவர். பேரறிஞர் அண்ணா பிறந்ததும் ஒரு செப்டம்பர் 15. 1985-இல் மதுரை மாவட்டத்திலிருந்து திண்டுக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்ததும் ஒரு செப்டம்பர் 15. நாள், நட்சத்திரம் பார்ப்பவர்கள் அல்லர் நாம். நினைவில் நிறுத்த வசதியாக இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறோம், அவ்வளவே.

ஏழைக் குடிலில் பிறந்தவர் அல்லர் அவர். மலைச் சரிவிலே காப்பித் தோட்டம் கண்ட குடும்பம், வளமான குடும்பம். மறைப்பானேன்? முதலாளி வீட்டுப் பிள்ளைதான். ஆனால் அந்த நாளில் பணம் இருந்தால் மட்டும் போதுமா? அவர் பிறந்த நாடார் சமூகம் அன்று பட்ட பாட்டைக் கேளுங்கள். பருத்தி வாங்கி விற்றனர், பண்டகசாலை கட்டினர், பள்ளிக்கூடம் நடத்தினர். ஆனாலும் கோயில் வாசலிலே நிறுத்தப்பட்டனர். கமுதிக் கோயிலுக்குள்ளே 1897-இல் நாடார்கள் நுழைந்தார்கள் என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. கீழ்க் கோர்ட்டு, ஐகோர்ட்டு என்று ஏறி, கடல் கடந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று அந்த வழக்கு. 1908-இல் தீர்ப்பு வந்தது. நுழைய உரிமை இல்லை என்று வந்தது! இடையிலே 1899-இல் சிவகாசி சூறையாடப்பட்டது. வீடுகள் எரிந்தன, உயிர்கள் போயின. சவுந்தரபாண்டியனாருக்கு அப்போது வயது ஐந்து. கமுதித் தீர்ப்பு வந்தபோது பதினைந்தை ஒட்டிய வயது. நினைவு தெரிந்த நாள் முதல் ஊரார் வாயில் அவர் கேட்டிருக்கக்கூடிய கதைகள் இவை.

இப்படித் தள்ளப்பட்டவன் மேலேறிய பிறகு என்ன செய்கிறான்? அங்கேதான் மனிதனை அளக்க வேண்டும். தன்னைத் தள்ளியவனைப் போலவே, தனக்குக் கீழே இருப்பவனைத் தள்ளுகிறவர்கள் உண்டு. ஊருக்கு ஊர் உண்டு, நமக்குத் தெரிந்த முகங்களிலேயே உண்டு.

நீதிக் கட்சி ஆட்சிக் காலத்திலே சென்னைச் சட்டசபையில் நியமன உறுப்பினரானார் சவுந்தரபாண்டியனார். நாடார் மகாஜன சங்கத்தின் முன்னணித் தலைவர்களில் ஒருவரானார். பெரியாரின் தோழரானார். பிறகு, 1920-களின் பிற்பகுதியில், இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவர் பதவி அவர் கைக்கு வந்தது.

ஜில்லா போர்டு என்றால் இன்றைய இளைஞருக்கு விளங்காது. கொஞ்சம் விளக்கிவிடுவோம். 1910-இல் மதுரை, திருநெல்வேலி இரண்டிலிருந்தும் பிரித்து உண்டாக்கப்பட்டது இராமநாதபுரம் ஜில்லா. விருதுநகர், சிவகாசி, அருப்புக்கோட்டை, சிவகங்கை, காரைக்குடி எல்லாம் அதற்குள் அடக்கம். அத்தனை ஊர்களையும் இணைக்கும் சாலை, ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், குடிநீர்க் கிணறு, சத்திரம் ஆகியவை போர்டின் பொறுப்பு. நிலவரியோடு சேர்த்து வசூலாகும் வரியிலே ஒரு பங்கு போர்டுக்கு வரும். போர்டுச் சாலையிலே பஸ் விட வேண்டுமானால் போர்டு தரும் லைசென்ஸ் வேண்டும். மோட்டார் பஸ் புதிதாக முளைத்திருந்த நேரம் அது. பணம் படைத்தவர்கள் ஒன்றிரண்டு வண்டி வாங்கி, ஊருக்கு ஊர் கம்பெனி தொடங்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பஸ்களிலே ஆதி திராவிடத் தோழன் ஏற முடியாது! காசு இருந்தும் ஏற முடியாது. கையிலே குழந்தை காய்ச்சலில் துடித்தாலும் ஏற முடியாது. ஏற்றுவதில்லை என்று சீட்டிலேயே அச்சடித்து வைத்த கம்பெனிகளும் இருந்தன. எண்ணிப் பாருங்கள் தோழர்களே! அந்தச் சாலைக்குச் சல்லி உடைத்தவன் யார்? மண் சுமந்தவன் யார்? வேகாத வெயிலில் உருளையை இழுத்துச் சமன் செய்தவன் யார்? அவன் போட்ட சாலையிலே ஓடும் வண்டி, அவன் மீது புழுதியை வாரி இறைத்துவிட்டுப் போகும். அவன் ஓரமாக ஒதுங்கி நிற்க வேண்டும். இதற்குப் பெயர் பொதுச் சாலையாம்!

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. 1924-இலேயே சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் தீர்மானம் கொண்டுவந்து, அது நிறைவேறி, சர்க்கார் உத்தரவும் வெளிவந்துவிட்டது. பொதுச் சாலை, பொதுக் கிணறு, பொதுக் குளம், பொது அலுவலகம் எதற்குள்ளும் எவரும் செல்லலாம், தடை கூடாது என்று. காகிதத்திலே கதவு திறந்தாயிற்று. ஊரிலே திறந்ததா? அதே 1924-இல் வைக்கத்திலே, கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கும் உரிமைக்காகப் பெரியார் சிறை சென்றார். மராட்டியத்து மகாட் நகரசபையைப் பாருங்கள். சவுதார் குளம் அனைவர்க்கும் பொது என்று அதே 1924-இல் தீர்மானம் போட்டது. மூன்று ஆண்டுகள் ஓடின. தாழ்த்தப்பட்டோர் ஒருவரும் அந்தக் குளத்தில் இறங்கியதில்லை. 1927 மார்ச் 20-இல் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்று அள்ளிக் குடித்த பிறகல்லவா அந்தத் தீர்மானத்துக்கே உயிர் வந்தது! குடித்தவர்கள் தாக்கப்பட்டார்கள் என்பதும், பொதுக்குளம் என்ற தன் தீர்மானத்தை அந்த நகரசபையே பிறகு திரும்பப் பெற்றுக்கொண்டது என்பதும் தனிக் கதை.

சவுந்தரபாண்டியனார் இன்னொரு தீர்மானம் போட்டு அடுக்கி வைக்கவில்லை. லைசென்சில் கை வைத்தார்! ஆதி திராவிடரை ஏற்ற மறுக்கும் பஸ்ஸின் லைசென்சு ரத்து செய்யப்படும் என்று உத்தரவு போட்டார். அவ்வளவுதான். நீண்ட சொற்பொழிவு இல்லை, சாத்திர விசாரணை இல்லை. வண்டி ஓட வேண்டுமா? ஏற்று. ஏற்றமாட்டாயா? வண்டியைக் கொட்டகையில் நிறுத்து. முதலாளிகளுக்கு எது புரியும் என்பது ஒரு முதலாளிக்குத் தெரிந்திருந்தது! சாதி ஆசாரம் பெரிதா, வசூல் பை பெரிதா என்று கணக்குப் பார்த்தார்கள். பை வென்றது, பாதை திறந்தது.

இதிலே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்று. பஸ் முதலாளிகள் வசதி படைத்தோர்; ஊர்ப் பெரிய மனிதர்கள்; தேர்தலிலே நாலு பேரைத் திரட்டிவரக் கூடியவர்கள். பஸ்ஸில் ஏறப்போகும் கூலித் தோழனுக்கோ, அன்றைய சட்டப்படி வரி கட்டுவோர்க்கும் சொத்துள்ளோர்க்கும் மட்டுமே வாக்கு என்றிருந்ததால், பெரும்பாலும் வாக்கே கிடையாது. வாக்கில்லாதவனுக்காக வாக்குள்ளவனைப் பகைத்துக்கொண்டார் என்பதுதான் பொருள். வார்டு மெம்பராக இருக்கும் நம் தோழர்கள் இந்த வரியை இன்னொரு முறை படித்தால் நன்று.

இது எவ்வளவு பெரிய செயல் என்பதற்கு உலகத்தைக் கொஞ்சம் பார்ப்போம். அமெரிக்க நாட்டின் மாண்ட்கோமரி நகரிலே, 1955 டிசம்பர் 1-ஆம் நாள் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பின அம்மையார், வெள்ளையருக்காக இருக்கையை விட்டு எழ மறுத்தார், கைதானார். கறுப்பின மக்கள் ஓராண்டுக்கு மேல் பஸ் ஏறாமல் நடந்தே வேலைக்குப் போனார்கள். 1956 டிசம்பரிலேதான் வழி பிறந்தது. கால் நூற்றாண்டுக்கு முன்பே நம் கரிசல் காட்டிலே ஒரு போர்டுத் தலைவரின் உத்தரவு அந்த வேலையைச் செய்திருக்கிறது!

அந்த மாண்ட்கோமரி கதை பஸ்ஸோடு முடியவில்லை. பூங்காக்களையும் எல்லோர்க்கும் திறந்துவிட வேண்டும் என்று கோர்ட்டிலே வழக்குத் தொடுக்கப்பட்டபோது, அந்த நகராட்சி மன்றத்தார் செய்தது என்ன தெரியுமா? 1959 தொடங்கியவுடன் நகரத்துப் பூங்காக்கள் அத்தனையையும் இழுத்து மூடினார்கள்! வெள்ளைப் பிள்ளைக்கும் ஊஞ்சல் வேண்டாம். கறுப்புப் பிள்ளை ஆடாதிருந்தால் போதும் என்பது அவர்கள் கணக்கு. 1965 வரை அந்தப் பூங்காக்கள் பூட்டியே கிடந்தன. பூங்காவுக்கு வேலி போடவும் விளக்குப் போடவும் எந்த நிர்வாகத்துக்கும் தெரியும். யாரை உள்ளே விடுகிறது என்பதிலே அல்லவா நிர்வாகத்தின் சாயம் தெரிகிறது!

1929 பிப்ரவரி 17, 18 நாட்களில் செங்கற்பட்டிலே முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடியது. தலைமை தாங்க அழைக்கப்பட்டவர் நம் பட்டிவீரன்பட்டியார். பெயருக்குப் பின்னால் சாதி வால் வேண்டாம், பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும், ஒத்துவராத மணத்தை முறித்துக்கொள்ளும் உரிமை வேண்டும் என்றெல்லாம் அங்கே தீர்மானங்கள். இந்து வாரிசுச் சட்டம் வந்தது 1956-இல். பெண்ணுக்கு மூதாதையர் சொத்தில் சம பங்கு தமிழகத்தில் சட்டமானது 1989-இல் என்பதை நினைத்துப் பார்த்தால், செங்கற்பட்டுப் பந்தலில் அமர்ந்திருந்தவர்கள் எத்தனை தொலைவு பார்த்தார்கள் என்பது விளங்கும். தீர்மானத்தை ஊருக்குச் சொல்லிவிட்டுத் தாம் ஒதுங்கியவரல்லர் தலைவர். நாடார் என்ற பட்டத்தைத் தம் பெயரிலிருந்து விலக்கினார். ஒரு சாதிச் சங்கத்தின் பெருந்தலைவர், அந்தச் சாதிப் பெயரைத் தம் பெயரிலிருந்து அறுத்தெறிவது அன்று எளிதா? இன்றுதான் எளிதா?

1953 பிப்ரவரி 22-ஆம் நாள் அவர் மறைந்தார். அறுபது நிறையவில்லை. அவர் அமர்ந்த ஜில்லா போர்டு நாற்காலியும் அதற்குப் பிறகு நெடுநாள் நீடிக்கவில்லை. 1950-களின் இறுதியிலே ஜில்லா போர்டுகள் கலைக்கப்பட்டு, ஊராட்சி ஒன்றியங்கள் வந்தன. அவர் ஆண்ட பழைய இராமநாதபுரமும் 1985 மார்ச்சில் மூன்றாகப் பிரிந்துவிட்டது.

பெயர் நின்றது. அதுவும் எங்கே நின்றது பாருங்கள்! தியாகராய நகர் என்பது ஏரியைத் தூர்த்து 1920-களிலே எழுப்பிய நகர். நீதிக் கட்சித் தலைவர்களின் பெயர்களையே தெருத்தெருவாகச் சூட்டிய நகர். மாநகராட்சித் தலைவராக இருந்து 1920-இல் ஆயிரம் விளக்குப் பள்ளியிலே ஏழைப் பிள்ளைகளுக்குப் பகலுணவு தொடங்க வழி செய்த வெள்ளுடை வேந்தர் தியாகராயர் பெயர் நகருக்கு. முதலமைச்சராக இருந்த பனகால் அரசர் பெயர் பூங்காவுக்கு. உஸ்மான் பெயரும் நடேசனார் பெயரும் அருகருகே. பனகால் பூங்காவிலிருந்து தொடங்கும் கடைத்தெருவுக்கு நம் சவுந்தரபாண்டியனார் பெயர். அந்தத் தெருவிலேதான் 2019 நவம்பரில் வண்டிகளின் இடத்தைச் சுருக்கி, நடப்போர்க்கென்று அகலமான நடைபாதை அமைத்துத் திறந்தார்கள். உட்கார இருக்கைகள்கூட உண்டு. மாலை வேளையில் போய்ப் பார்த்திருக்கிறோம். ஐஸ்கிரீம் கையோடு பிள்ளைகள், பூ விற்கும் அம்மையார், வேலை முடித்து ஓய்ந்து அமரும் கட்டடத் தொழிலாளர் என்று எல்லோரும் அங்கே. எழுந்திரு என்று எவரும் எவரையும் சொல்லக் கேட்டதில்லை.

இவ்வளவையும் அய்யலூர்த் தோழருக்குச் சொல்லி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது. பஸ் கதை வந்த இடத்திலே அவர் நிறுத்தச் சொன்னார். தம் தாத்தாவைப் பெற்றவர், திண்டுக்கல் சந்தைக்குச் சுமையோடு நடந்தே போய் நடந்தே திரும்புவாராம். அது காசில்லாததால் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாராம். பிறகு சற்று நேரம் பேசவில்லை. ஆடு ஏற்ற லாரி வந்து நின்றது, குரல் கொடுத்தார்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அந்தப் பெயரை இன்னொரு தடவை சொல்லுங்கள் அண்ணே என்று கேட்டு, வாய்க்குள் சொல்லிப் பார்த்தபடியே எழுந்து போனார்.