பந்தடித்த வைத்தியர்



கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மாலை வேளையில் பிள்ளைகள் பந்தடிப்பதைக் கண்டிருப்பீர்கள். பொழுது சாய்ந்தும் வீடு திரும்பாத மகனை, பந்தா உனக்குச் சோறு போடப் போகிறது என்று நீங்களும் ஏசியிருப்பீர்கள். அந்தக் கேள்விக்கு விடையாக வாழ்ந்து காட்டிய ஒருவரை இன்று உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறோம். அவர் பெயர் தாலிமெரன் ஆவோ.

1918 ஜனவரி 28-ல், அன்றைய அசாமைச் சேர்ந்த நாகா மலைப் பகுதியில், சாங்கி என்னும் கிராமத்தில் பிறந்தார். தந்தையார் பாப்திஸ்து சபையின் போதகர். மகன் வைத்தியனாகித் தன் மலைச் சனங்களுக்குத் தொண்டு செய்ய வேண்டும் என்பது அவருடைய ஆசை. 1935-ல் நெருப்புக் காய்ச்சல் அத்தந்தையைக் கொண்டுபோயிற்று. அவருடைய ஆசை மகனின் நெஞ்சில் தங்கிவிட்டது.

கௌஹாத்தியில் கொட்டன் கல்லூரியில் படிக்கும்போதே உதைபந்தாட்டத்தில் பெயர் பெற்றார். 1942-ல் கல்கத்தா கார்மைக்கேல் வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே புகழ்பெற்ற மோகன் பாகான் கழகம் அவரை அழைத்துக்கொண்டது; பின்னர் அதன் தலைவருமானார். பந்தும் படிப்புமாக ஆண்டுகள் ஓடின.

1948 இலண்டன் ஒலிம்பிக்கை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். நமது டங்கன் வைட் 400 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தில் வெள்ளிப் பதக்கம் வென்றது அங்கேதான். அதே விழாவில் சுதந்திர இந்தியாவின் கொடியை ஏந்தி நடந்தவர் ஆவோ. உதைபந்தாட்ட அணியின் தலைவரும் அவரே. அந்த அணியில் பெரும்பாலானோர் சப்பாத்தில்லாமல் வெறுங்காலுடன் பிரான்சை எதிர்த்து ஆடினார்கள். இந்தியாவின் ஒரே கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். இரண்டு தண்ட உதைகளைத் தவறவிட்டு, ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றார்கள். தோற்றும் பெயரெடுத்தார்கள்.

புகழின் உச்சியில் நின்றவர் படிப்பைக் கைவிட்டாரா? இல்லை. 1942-ல் சேர்ந்தவர், காலம் நீண்டாலும், 1950-ல் வைத்தியப் பட்டத்தைப் பெற்றார். திப்ருகர் ஆஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் பணியாற்றினார். கல்கத்தாவிலேயே தங்கியிருந்தால் கைதட்டலுக்குக் குறைவிருந்திராது. ஆனால் 1953-ல் கொஹிமாவுக்குத் திரும்பினார். நாகா மலைகளில் ஆயுதப் போராட்டம் மூண்ட காலம் அது. துப்பாக்கிச் சத்தத்துக்கு நடுவில் நோயாளர்களைப் பார்ப்பது எப்படியிருக்கும் என்று நம் பகுதி மக்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 1963-ல் நாகாலாந்து தனி மாநிலமான பின், அதன் சுகாதார சேவைப் பணிப்பாளராக உயர்ந்து, 1978-ல் ஓய்வு பெற்றார்.

1998 செப்டெம்பர் 13-ல் கண்மூடினார். வடகிழக்கு இந்தியாவில் அவர் பெயரால் உதைபந்தாட்டக் கிண்ணப் போட்டி நடத்தப்படுகிறது.

பெற்றோரே, பந்து அவருடைய படிப்பைத் தாமதப்படுத்தியிருக்கலாம், கெடுக்கவில்லை. ஆட்டத்தில் கிடைத்த புகழும் தந்தையின் ஆசையை மறக்கச் செய்யவில்லை. இன்று மாலை மகன் புழுதியோடு வாசலில் வந்து நிற்கும்போது, முதலில் இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஏசுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.