டி.வி.எஸ். சுந்தரம் அய்யங்காரும் நாலு டயரும்

மதுரைக்காரர்களுக்கு டி.வி.எஸ். என்ற மூன்றெழுத்தை யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மேல வெளி வீதியில் கம்பெனி, ரயில் பாலத்துக்கு அந்தப் பக்கம் டி.வி.எஸ். நகர், தெருவுக்குத் தெரு நிற்கிற வண்டிகள் என்று எங்கே திரும்பினாலும் அந்தப் பெயர்தான். ஆனால் அந்த மூன்றெழுத்து எதன் சுருக்கம் என்று நம் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். இரண்டே பேர்தான் சரியாகச் சொன்னார்கள். திருக்குறுங்குடி வேங்கராம் சுந்தரம் அய்யங்கார். ஊர்ப் பெயரும் தகப்பனார் பெயரும் முன்னால் நிற்க, மூன்றாவது எழுத்துத்தான் அவருடையது.

மலருக்கு ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதச் சொன்னபோது நான் இவரைத்தான் எடுத்துக்கொண்டேன். இவரைப் பற்றி எழுதுகிறவர்கள் தொழிலதிபர், வள்ளல் என்று ஆரம்பித்து நிறுவனங்களின் பட்டியலோடு முடித்துவிடுவார்கள். நான் ஆட்டோமொபைல் மாணவன். டயர் பக்கத்திலிருந்துதான் இவரைப் பார்க்கப் போகிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு, அது நடுவில் வரும்.

1877-ஆம் ஆண்டு மார்ச் 22-ஆம் நாள் திருநெல்வேலிச் சீமையில் உள்ள திருக்குறுங்குடியில் பிறந்தார். மகன் வக்கீலாக வேண்டும் என்பது தகப்பனாரின் ஆசை. மகனும் அந்த வழியில் கொஞ்ச தூரம் போனார். பிறகு ரயில்வேயில் வேலை, அப்புறம் ஒரு வங்கியில் வேலை. மாதம் பிறந்தால் சம்பளம் வரும் நாற்காலி. அதை விட்டுவிட்டு 1911-இல் சொந்தத் தொழிலில் இறங்கினார். அப்போது வயது 34. மனைவி, பிள்ளைகள் என்று குடும்பம் இருந்த மனிதர். நம் வீடுகளில் இன்றைக்கு யாராவது அப்படிச் செய்தால் என்ன பேச்சு கிடைக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

1912-இல் அவருடைய பஸ் ஓடத் தொடங்கியது. ஊருக்கு ஊர் மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் போய்க்கொண்டிருந்த காலம். தார் ரோடு கிடையாது, கப்பிக்கல் ரோடுதான். வண்டியும் வெளிநாடு, டயரும் வெளிநாடு. ஒரு டயர் வெடித்தால் அடுத்தது கப்பலில் வர வேண்டும். ஸ்டெப்னி என்கிறோமே, அந்த மாற்றுச் சக்கரமே 1904-இல்தான் இங்கிலாந்துக்குப் பக்கத்து வேல்ஸ் நாட்டில், லனெத்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெருவில் இருந்த ஒரு பட்டறையில் பிறந்தது. தெருவின் பெயர் சக்கரத்துக்கு ஒட்டிக்கொண்டது. அந்த ஊர்க்காரர்களே மறந்துபோன பெயரை நம் ஊர் பஞ்சர் கடை இன்னும் விடாமல் வைத்திருக்கிறது.

அந்த ரோட்டில் டயருக்கு முதல் எதிரி லாட ஆணி. மாட்டின் குளம்பிலிருந்து கழன்று விழுந்த ஆணி வழியெல்லாம் கிடக்கும். அதற்காக டி.வி.எஸ்.காரர்கள் காந்தம் கட்டிய வண்டி ஒன்றை ரோட்டில் ஓட்டி ஆணிகளை எடுத்துவிட்டு, அதன் பிறகே பஸ்ஸை விட்டார்கள் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் கதையாகச் சொல்லுவார்கள். டி.வி.எஸ். பஸ் போவதைப் பார்த்து கடிகாரத்தைத் திருத்தி வைத்துக்கொள்வார்கள் என்பது இன்னொரு கதை. இரண்டையும் தனித்தனியாகக் கேட்டால் வேடிக்கைதான். சேர்த்துப் பார்த்தால் ஒரே விஷயம். பஞ்சர் ஆகாத பஸ்தான் நேரத்துக்கு வரும். நேரத்துக்கு வருகிற பஸ்ஸைத்தான் சனங்கள் நம்பிக் காத்திருப்பார்கள். வண்டி ஓட்டும் தொழிலில் டயர்ச் செலவு கணக்குப் புத்தகத்தில் ஒரு வரிதான். வெளியே நிற்கிற பிரயாணிக்கோ அதுதான் கம்பெனியின் நாணயம்.

பஸ்ஸிலிருந்து லாரி வந்தது, சதர்ன் ரோட்வேஸ் என்ற பெயர் வந்தது. வண்டி ஓட்டினால் உதிரி பாகம் வேண்டும். அதற்கு மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ். வண்டி விற்கவும் சர்வீஸ் பண்ணவும் சுந்தரம் மோட்டார்ஸ். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்குப் பெரிய விநியோகஸ்தர் என்று பெயர் வாங்கியது அது. இந்த வளர்ச்சியை நான் விரித்து எழுதப் போவதில்லை. எனக்குச் சுவையாகப் பட்டது யுத்த காலம்.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் விழுந்தது. மலேயாவின் ரப்பர் தோட்டங்கள் போயின. அடுத்த மாதமே ரங்கூனும் போனது, பர்மா எண்ணெயும் நின்றது. இருக்கிற பெட்ரோலும் டயரும் முதலில் பட்டாளத்துக்குத்தான். தனியார் பஸ்காரர் என்ன செய்வார்? பலர் வண்டியைக் கொட்டகையில் நிறுத்தினார்கள். அய்யங்கார் இரண்டு காரியம் செய்தார். ஒன்று, டி.வி.எஸ். கேஸ் பிளாண்ட். கரியைக் குறைந்த காற்றில் எரித்தால் கார்பன் மோனாக்சைடும் கொஞ்சம் ஹைட்ரஜனும் கலந்த வாயு கிடைக்கும். அதை வடிகட்டிக் குளிரவைத்து எஞ்சினுக்குள் விட்டால் பெட்ரோல் இல்லாமல் வண்டி ஓடும். இழுவை குறையும், மேட்டில் திணறும், காலையில் அடுப்புப் பற்ற வைக்கவே நேரம் பிடிக்கும். ஆனாலும் ஓடும். கரி பஸ் என்று தாத்தாக்கள் சொல்வது இதைத்தான்.

இன்னொன்று, டயர் ரீட்ரேடிங். இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். டயரில் தேய்வது மேலே உள்ள பட்டன் மட்டும்தான். உள்ளே நூலும் ரப்பருமாக இருக்கிற கேசிங் நன்றாக இருந்தால், தேய்ந்த மேல்பக்கத்தைச் சுரண்டி, புது ரப்பர் ஒட்டி, அச்சில் வைத்துச் சூடும் அழுத்தமும் கொடுத்தால் டயர் மறுபிறவி எடுக்கும். இதில் சூத்திரம் முழுக்க ஒரே ஒரு இடத்தில் இருக்கிறது. எந்தக் கேசிங்கை எடுப்பது, எதைத் தள்ளுவது? நூல் தெரிகிற வரைக்கும் ஓட்டிக் கொண்டுவந்த டயரைத் தள்ள வேண்டும். உள்ளே வெடிப்பு, ஓரத்தில் பிளவு, தண்ணீர் இறங்கிய நூல், எல்லாவற்றையும் விரித்துப் பார்த்து, கையால் தடவி, தேறாது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். டயரே கிடைக்காத யுத்த காலத்தில் ஒரு டயரைப் பார்த்துத் தேறாது என்று சொல்ல எவ்வளவு மனத்திடம் வேண்டும்! அதைச் சொல்லாமல் எல்லாவற்றையும் பளபளவென்று ஒட்டிக் கொடுத்திருந்தால் அந்தப் பட்டறை ஒரு வருஷம் கூடத் தாங்கியிருக்காது.

இப்போது நான் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். என் மாமா உசிலம்பட்டிப் பக்கம். போன வருஷம் மதுரையில் ஒரு டீலரிடம் சர்டிஃபைட் பழைய கார் வாங்கினார். கடையின் பெயர் இங்கே வேண்டாம். செக் பண்ணிய பட்டியல் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். வரிசையாக டிக். டயர் என்ற கட்டத்திலும் டிக். டயர்கள் கருகருவென்று மின்னின. வாங்கி இரண்டாம் மாதம், வாடிப்பட்டி தாண்டி நாலுவழிச் சாலையில் பின் டயர் வெடித்தது. அத்தையும் இரண்டு பிள்ளைகளும் வண்டியில் இருந்தார்கள். வேகம் குறைவாக இருந்ததால் வண்டி ஓரத்துக்குப் போய் நின்றது. அன்றைக்கு அத்தை அழுத அழுகையை நான் எழுத வேண்டாம். மாமா கடைக்குப் போய்க் கேட்டார். வாரண்டி எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும்தான், டயர் தேய்மானச் சாமான், அதில் சேராது என்று பதில் வந்தது. தாளைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் பொடி எழுத்தில் அப்படித்தான் இருந்தது.

மறுவாரம் ஊருக்குப் போனபோது மற்ற டயர்களை நான் பார்த்தேன். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் முடிவில் நாலு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம். 2319 என்றால் 2019-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரம். மாமா வண்டியின் இன்னொரு பின் டயர் எட்டு வருஷத்துக்கு முந்தியது. முன்னால் இரண்டும் வேறு வேறு கம்பெனி. பட்டன் ஆழம் இருந்தது, அதை மறுக்க முடியாது. பள்ளத்துக்குள் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கும் தேய்மானத் திட்டை டயர் தொடவே இல்லை. ஆனால் மேலே பூசின கறுப்பைத் துடைத்ததும் பக்கச் சுவரில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. ஓடாமல் வெயிலில் நின்ற வண்டியின் டயர் இப்படித்தான் ஆகும். சூடும் காற்றில் உள்ள ஓசோனும் ரப்பரை இறுக வைக்கும். நம்ம ஊர் சித்திரை வெயிலைக் கேட்கவா வேண்டும்?

ஆகவே நண்பர்களே, வீட்டில் யாராவது பழைய கார் பார்க்கப் போனால் கூடவே போங்கள். ஸ்டெப்னியோடு ஐந்து டயரின் வாரத்தையும் வருஷத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் கோளாறு டயரில் இருக்காது, அலைன்மெண்டிலோ சஸ்பென்ஷனிலோ இருக்கும். கதவோரத்து ஸ்டிக்கரில் போட்ட அளவும் டயரில் போட்ட அளவும் ஒன்றா என்று பாருங்கள். கடைக்காரர் புது டயர் மாற்றித் தருகிறோம் என்றால் என்ன கம்பெனி, என்ன அளவு, எத்தனை டயர் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். புதுசு என்று சொல்லி இரண்டு வருஷம் குடோனில் கிடந்ததைப் போடுவதும் உண்டு. இரண்டு மட்டும் மாற்றினால் புது ஜோடி பின்னால் போக வேண்டும் என்பது டயர் கம்பெனிகள் சொல்லும் முறை. முன்சக்கரம் இழுக்கிற வண்டிக்கும் அதுதான். மழை ரோட்டில் பின்பக்கம் வழுக்கினால் சாதாரண டிரைவரால் வண்டியைப் பிடிக்க முடியாது. நம்ம ஊரில் பலர் தலைகீழாக, முன்னால்தான் போடுகிறார்கள். நாலும் மாற்ற வேண்டியிருந்தால் சின்னக் காருக்கே பதினைந்தாயிரத்துக்கு மேல் ஆகிவிடும். அதை விலை பேசும்போதே கழிக்கச் சொல்ல வேண்டும், வாங்கிய பிறகு கேட்டுப் பயனில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தத் தாளில் டயர்க் கட்டத்தில் டிக் போட்டவர் யார்? பெரும்பாலும் நம்மைப் போல் டிப்ளமா முடித்த ஒருவர்தான். நம்மில் சில பேர் அடுத்த வருஷம் அந்த நாற்காலியில் உட்காரப் போகிறோம். மாதத்துக்கு இத்தனை வண்டி பாஸ் ஆகணும் என்று மேலே இருந்து சொல்லுவார்கள். அன்று ரீட்ரேடிங் பட்டறையில் கேசிங்கைத் தள்ளிவைத்தவருக்கு இருந்த அதே சங்கடம்தான் நமக்கும் வரும்.

மீண்டும் பெரியவரின் கதைக்கு வருவோம். அவருடைய வீட்டுக் கதையிலும் ஒரு துணிச்சல் உண்டு. மகள் சௌந்தரம் சின்ன வயதிலேயே கணவரை இழந்தார். விதவைப் பெண்ணை மூலையில் உட்கார வைத்த காலத்தில், அந்த மகள் டெல்லி சென்று மருத்துவம் படித்தார். 1940-இல் காந்தியடிகளின் ஆசியோடு ஜி. ராமச்சந்திரனை மறுமணம் செய்துகொண்டார். நம்ம சின்னாளப்பட்டிப் பக்கம் இருக்கும் காந்திகிராமம் இந்த இருவரும் உருவாக்கியதே.

பிள்ளைகள் தலையெடுத்ததும் சுந்தரம் அய்யங்கார் நிர்வாகத்தை அவர்களிடம் விட்டு ஒதுங்கிக்கொண்டார். கடைசி மூச்சு வரை சாவிக்கொத்தை இடுப்பில் வைத்திருக்கும் முதலாளிகளைப் பார்த்த நமக்கு இது ஆச்சரியம்தான். மகன்களில் ஒருவரான சந்தானம் 1954-இல் சென்னையில் சுந்தரம் ஃபைனான்ஸைத் தொடங்கினார். லாரி வாங்கக் கையில் முழுப் பணம் இல்லாதவர்களுக்குத் தவணையில் வழி திறந்தது. அதற்கு மறுவருஷம், 1955 ஏப்ரல் 28-ஆம் நாள், கொடைக்கானலில் பெரியவர் காலமானார். வயது 78.

அவருடைய பஸ்கள் அவருக்குப் பிறகும் பல வருஷம் ஓடின. 1972-இல் அரசு பஸ்களை எடுத்துக்கொண்டபோது மதுரையில் பாண்டியன் போக்குவரத்துக் கழகம் பிறந்தது. டி.வி.எஸ். பஸ்களை ஓட்டிய டிரைவர்களும் கண்டக்டர்களும் அரசு ஊழியர்கள் ஆனார்கள். குடும்பத்தார் 1982-இல் ஸ்ரீசக்ரா டயர் கம்பெனியைத் தொடங்கினார்கள். மேலூர் ரோட்டில் வெள்ளரிப்பட்டியில் இருக்கிறது தொழிற்சாலை. கப்பலில் வரும் டயருக்காக ஒரு காலத்தில் காத்திருந்த மதுரையிலிருந்து இன்றைக்கு டயர் கப்பலேறிப் போகிறது. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும் நம் மாணவர்கள் ஷிப்ட் முடியும் நேரத்தில் பார்த்தால், கேட் வாசலில் கூட்டமாக வெளியே வருகிறவர்களில் நம் சீனியர்கள் இரண்டு பேராவது கண்ணில் படுவார்கள்.