ஓவல் மைதானத்துச் சரவணமுத்து



நீங்கள் கேகாலையிலோ இரத்தினபுரியிலோ ஒரு றப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவரானால் ஒட்டுப்பால் பந்தை மறந்திருக்க மாட்டீர்கள். பால் வெட்டிய காயத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் பாலை நாடாபோல உரித்து, இழுத்து இழுத்துச் சுற்றி, எலுமிச்சங்காய் அளவுக்கு உருட்டிய பந்து அது. நிலத்தில் பட்டால் ஆள் உயரத்துக்கு எகிறும். எந்தப் பக்கம் போகும் என்று எறிந்தவனுக்கும் தெரியாது. தென்னை மட்டையைச் சீவித் துடுப்பாக்கி, லயத்து முற்றத்தில் மூன்று குச்சிகளை நட்டுவிட்டால் ஆட்டம் தொடங்கிவிடும். வானொலி வர்ணனையில் பீ. சரா ஓவல் என்ற பெயரைக் கேட்டபோதெல்லாம் அது ஏதோ ஓர் இடத்தின் பெயர் என்றே நம்மில் பலர் எண்ணியிருந்தோம். அது ஒரு மனிதரின் பெயர். அந்த மனிதருக்கும் நாம் உரித்தெடுத்த அந்தப் பாலுக்கும்கூட ஒரு தொடர்பு உண்டு.

பாக்கியசோதி சரவணமுத்து 1892ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் வட்டுக்கோட்டையைச் சேர்ந்த வைத்தியர். பிள்ளைகள் தலையெடுக்குமுன் இளவயதிலேயே காலமாகிவிட்டார். தாயார் கொழும்புச் செட்டி வம்சத்துப் பெண்மணி. கைம்பெண்ணாகி நின்ற அவர், ஆறு ஆண்மக்களையும் கொழும்பிலேயே வைத்து வளர்த்து ஆளாக்கினார். அந்நாளில் அது எத்தகைய பாரம் என்பதை, தனியே பிள்ளை வளர்க்கும் தாய்மாரைப் பக்கத்து வீட்டில் கண்டவர்கள் அறிவர். நாட்டின் சரித்திரத்தில் மக்களின் பெயர்கள் நிற்கின்றன. அந்தத் தாயின் பெயர் எந்த மைதானத்திலும் இல்லை.

சரவணமுத்துச் சகோதரர்களைச் சென் தோமஸ் கல்லூரியின் பிள்ளைகள் என்றே சொல்லவேண்டும். அக்கல்லூரி அப்போது முகத்துவாரத்தில் இருந்தது. ஆண்டுதோறும் றோயல் கல்லூரியுடன் அது ஆடும் போட்டி 1880ஆம் ஆண்டளவிலிருந்து நடந்து வருகிறது. கொழும்பில் ஒரு குடும்பத்தின் மதிப்பையே அந்த மூன்று நாட்கள் நிர்ணயித்துவிடும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அந்தச் சூழலில் வளர்ந்த சகோதரர்களுக்குக் கிரிக்கெட் வீட்டுச் சொத்துப்போல ஆனதில் வியப்பில்லை.

பாக்கியசோதியாரின் கதைக்குள் போகுமுன் சகோதரர்கள் இருவரைப்பற்றி ஒரு சொல். மூத்தவரான டாக்டர் இரத்தினசோதி சரவணமுத்து 1931இல் கொழும்பு வடக்கிலிருந்து அரசாங்க சபைக்குத் தெரிவானார். தேர்தல் வழக்கில் ஆசனத்தை இழந்தார். 1932இல் நடந்த இடைத்தேர்தலில் அவர் மனைவி நேசம் சரவணமுத்து நின்று வென்று, 1941இல் இறக்கும்வரை அந்தச் சபையில் இருந்தார். இரத்தினசோதியார் 1937இல் கொழும்பு மாநகர முதல்வரானார். இன்னொருவர் மாணிக்கசோதி. பினாங்கில் பத்திரிகை ஆசிரியராயிருந்தார். 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் பினாங்கைக் குண்டுவீசித் தகர்த்தபோது, ஆங்கில அதிகாரிகள் ஐரோப்பியரை மட்டும் ஏற்றிக்கொண்டு இரவோடிரவாக வெளியேறிவிட்டார்கள். கைவிடப்பட்ட நகரத்து மக்களுக்காக முன்வந்து கோட்டைக் கம்பத்திலிருந்த பிரித்தானியக் கொடியை இறக்கியவரும், பினாங்கில் எதிர்ப்புப் படை எதுவும் இல்லை என்று வானொலியில் அறிவித்துக் குண்டுவீச்சை நிறுத்த முயன்றவரும் அவரே. ஒரே தாய் வளர்த்த பிள்ளைகள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

பாக்கியசோதியார் இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்தார். பிற்காலத்தில் அவர் வகித்த பதவி தேயிலை, றப்பர் கட்டுப்பாட்டு அதிகாரி. இங்கேதான் அவர் நம் மலைகளுக்குள் வருகிறார்.

1930களின் தொடக்கத்தில் உலகச் சந்தையில் றப்பர் விலை விழுந்தது. தோட்டங்கள் பால்வெட்டை நிறுத்தின. வேலையிழந்த நம்மவர் பலர் மூட்டை கட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பலேறினர். விலையை நிமிர்த்த 1933இல் தேயிலைக்கும் 1934இல் றப்பருக்கும் சர்வதேச ஒப்பந்தங்கள் செய்யப்பட்டன. ஒவ்வொரு நாடும் இவ்வளவுதான் ஏற்றுமதி செய்யலாம் என்று அளவு வகுத்தார்கள். அந்த அளவைத் தோட்டந்தோட்டமாகவும், சிறு காணிக்காரருக்கும் பிரித்துக் கூப்பன் கொடுத்தார்கள். கூப்பன் இல்லாத றப்பர் கப்பலேறாது. கேகாலைச் சிறு காணிக்காரருக்கும் இரத்தினபுரித் துரைமாருக்கும் அந்தக் கடதாசித் துண்டு காசுக்குச் சமானம். பின்பு 1942இல் மலாயா ஜப்பானியர் வசமானதும் நிலைமை தலைகீழாயிற்று. நேச நாடுகளுக்கு எஞ்சிய பெரிய றப்பர் களஞ்சியம் இலங்கைதான். மரம் பட்டாலும் பரவாயில்லை, வெட்டு வெட்டு என்று வெட்டினார்கள். அந்த ஆண்டு ஏப்ரல் 5ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பின்மேலும் குண்டு விழுந்தது.

போர் முடிந்த 1945ஆம் ஆண்டிலேயே கொழும்பு ஓவல் மைதானம் திறக்கப்பட்டது என்பதைக் கவனியுங்கள். 1899இல் தொடங்கப்பட்ட தமிழ் யூனியன் கிரிக்கெட் கழகத்துக்கு, வனாத்தமுல்லையில் வெளிநாட்டு அணிகளை வரவேற்கத் தகுந்த ஒரு மைதானத்தை அமைத்தே தீருவது என்று நின்று முடித்தவர் சரவணமுத்து. கழகத்தின் பெயர் தமிழ் யூனியன் ஆனாலும் அம்மைதானத்தில் எல்லா இனத்தாரும் ஆடினர். சிங்களவர், தமிழர், பறங்கியர், முஸ்லிம்கள், ஐரோப்பியர் எனத் தனித்தனிக் கழகமாகப் பிரிந்திருந்த ஒரு விளையாட்டுக்கு அது பொது வாசலாயிற்று. 1948இல் இலங்கைக் கிரிக்கெட் கட்டுப்பாட்டுச் சபை அமைந்தபோது அதன் தலைமையும் அவரிடமே இருந்தது.

அதே 1948 மார்ச் 27ஆம் திகதி பிறட்மனின் அவுஸ்திரேலிய அணி, இங்கிலாந்துக்குப் போகும் கப்பலை விட்டு இறங்கி ஓவலில் ஒருநாள் ஆடியது. அன்று பெரிய சனிக்கிழமை. பாஸ்கு வழிபாட்டுக்குப் போவதா, பிறட்மனைப் பார்ப்பதா என்று கொழும்பில் எத்தனை கத்தோலிக்க வீடுகளில் தர்க்கம் நடந்ததோ! இலங்கை அணிக்குத் தலைவர் தமிழ் யூனியனின் மகாதேவன் சதாசிவம். முந்திய ஆண்டு சென்னைச் சேப்பாக்கத்தில் 215 ஓட்டங்கள் குவித்தவர். அவர் துடுப்பாடக் கண்டவர்கள் கடைசிவரை வேறெவரையும் புகழ மனம் வராமலே வாழ்ந்து முடித்தார்கள். பிறட்மன் 20 ஓட்டங்களுடன் ஆட்டமிழந்தார். ஆனால் அன்றைய ஆட்டத்தில் எல்லோரும் நினைவில் வைத்திருப்பது வேறொன்று. பந்து வீசும் களம் 22 யார் இருக்கவேண்டியது 20 யார்தான் இருந்தது! நாட்டின் றப்பர் முழுவதையும் இறாத்தல் கணக்கில் எண்ணிய அதிகாரியின் மைதானத்தில் இரண்டு யார் காணாமற்போயிற்று. அவர் முகம் எப்படியிருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கச் சிரிப்பு வருகிறது.

அந்த ஆண்டைப்பற்றி இன்னொன்றையும் சொல்லாமல் விடமுடியாது. பெப்ரவரியில் சுதந்திரம், மார்ச்சில் பிறட்மன், நவம்பரில் குடியுரிமைச் சட்டம். அந்தச் சட்டத்தால் தோட்டத்துத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் பிறந்த மண்ணிலேயே நாடற்றவரானார்கள். றப்பர் எவ்வளவு என்று அரசாங்கத்துக்குத் தெரியும். அதை வெட்டியவன் எந்த நாட்டான் என்பதுதான் தெரியாமற்போயிற்று. சரவணமுத்து சட்டம் இயற்றியவர் அல்லர், அரச ஊழியர். அவர்மீது குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஆனாலும் இலங்கை அணி என்று ஒன்று உருவாகி எல்லோரும் கைதட்டிய அதே ஆண்டில், நம் பாட்டன்மார் அந்த அணி யாருடையது என்று கேட்கவேண்டிய நிலையில் இருந்தார்கள். 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்து குடும்பங்களைப் பிரித்துக் கப்பலேற்றியது. குடியுரிமைக் கணக்கு முடிய 2003ஆம் ஆண்டாயிற்று.

சரவணமுத்து 1950இல் காலமானார். வயது ஐம்பத்தெட்டைத் தாண்டவில்லை. இலங்கை டெஸ்ட் ஆடும் நாடாவதை அவர் காணவில்லை. 1977இல் மைதானத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். 1982 பெப்ரவரி 17ஆம் திகதி இலங்கையின் முதலாவது டெஸ்ட் போட்டி, இங்கிலாந்துக்கு எதிராக, அங்கேதான் தொடங்கியது. முதற்பந்தை எதிர்கொண்டவர் அணித்தலைவர் பந்துல வர்ணபுர. இன்னும் பாடசாலை மாணவனாயிருந்த அர்ஜுன ரணதுங்க 54 ஓட்டங்கள் எடுத்தார். போட்டியில் தோற்றோம். இருந்தும் அன்று வானொலிப் பெட்டியைச் சுற்றியிருந்தவர்கள் அதைத் தோல்வியாகப் பேசக் கேட்டதில்லை.

குடும்ப வாரிசு என்றால் இரத்த உறவு மட்டுந்தானா? 1920இல் தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தென்னிந்தியாவிலிருந்து ஒருவர் வந்தார். பிற்காலத்தில் அவர் திரும்பிப் போனார்; மகன் கண்டியிலேயே தங்கினார். பேரன் பெனடிக்ட் துறவிகளின் கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் படித்து, அங்கே பயிற்றுநரின் சொற்கேட்டு வேகப்பந்தை விட்டுச் சுழற்பந்துக்கு மாறி, பின்பு கொழும்பில் தமிழ் யூனியன் கழகத்தில் சேர்ந்தான். 2010இல் காலியில் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை வீழ்த்திவிட்டு ஓய்வுபெற்ற முத்தையா முரளிதரன்தான் அந்தப் பேரன். சரவணமுத்து அமைத்த மைதானம் அவருடைய சொந்தக் கழகத்து மைதானம். தோட்டத்துப் பேரனின் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று உலகமே விழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, எனக்கு ஒட்டுப்பால் பந்துதான் ஞாபகத்துக்கு வந்தது.

இரத்தினபுரியிலிருந்து முன்பு களனிவெளிச் சிறு ரயிலில் ஏறினால் பொரளைப் பக்கம் பேஸ்லைன் வீதியில் இறங்கலாம். ஓவல் அங்கிருந்து அதிக தூரமில்லை. அவிசாவளைக்கு அப்பாலுள்ள பாதையை 1970களில் மூடிவிட்டார்கள். இப்போது அவிசாவளை மட்டும் பஸ்ஸில் வந்துதான் ரயிலேற வேண்டும். பிள்ளைகளுடன் கொழும்புக்குப் போகிறவர்கள் ஒருதரம் அங்கே இறங்கி, வாசலிலுள்ள பெயரை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.