தெற்கெல்லை மீட்ட தீரர் மார்ஷல் நேசமணி

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. (வேதியியல்) மாணவன், வேலம்பாளையம்

நாட்டின் தலைநகரில் கூடும் நாடாளுமன்றத்தில் எத்தனையோ பெரிய செய்திகள் பேசப்படுகின்றன. போர், வரி, வரவு செலவு என்று அவை நீளும். அத்தகைய மன்றத்தில், நாட்டின் தென்கோடியில் கிடக்கும் சில தாலுகாக்களின் குறை யார் காதில் விழும் என்று நாம் எண்ணலாம். விழச் செய்து காட்டிய ஒருவரின் வரலாற்றையே இக்கட்டுரையில் காணப் போகிறோம்.

திருப்பூர்ப் பக்கத்து மாணவன் குமரி மாவட்டத் தலைவரைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று நண்பர்கள் கேட்கக்கூடும். காரணம் உண்டு. எங்கள் வேலம்பாளையத்து வீதியில் பாதிப் பேர் பனியன் கம்பெனி வேலைக்காக வெளியூரிலிருந்து வந்தவர்கள். என் தந்தையும் போடிநாயக்கனூரிலிருந்து பஸ் ஏறி வந்து, செக்கிங் வேலையில் தொடங்கி, இன்று கட்டிங் மாஸ்டராக இருப்பவர். என் அப்பத்தாவோ மூணாற்று மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, கொழுந்து பறித்து வளர்ந்தவர். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை முதலில் மிதித்தவன் நான். சேர்க்கைப் படிவத்தில் சொந்த ஊர் எது என்று எழுத வேண்டிய இடத்தில் கை நின்றது. அப்பத்தாவைக் கேட்டேன். பிறந்த மலையைப் பற்றிப் பேசத் தொடங்கியவர், அந்த மலையைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லி டில்லி வரை சென்று பேசியவர் நேசமணி என்று, தாம் சிறுமியாக லயத்தில் கேட்ட பெயரைச் சொன்னார். அந்தப் பெயரைத் தேடித்தான் நூலகத்துக்குப் போனேன்.

பிறப்பும் கல்வியும்

1895-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள், அன்றைய திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் விளவங்கோடு தாலுகாவைச் சேர்ந்த பள்ளியாடி என்னும் சிற்றூரில் நேசமணி பிறந்தார். பெரியாற்று அணை திறக்கப்பட்டதும் அதே 1895-இல்தான். அந்த அணை நிற்கும் மலைப்பகுதிக்காகவும் இவர் பின்னாளில் வாதாட நேர்ந்தது.

திருவனந்தபுரத்தில் சட்டம் பயின்று, 1921-இல் நாகர்கோவிலில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார். அந்நாளில் அந்த நீதிமன்றத்தில் சாதி பார்த்தே இருக்கை தந்தார்கள். உயர்ந்தோர் எனப்பட்ட வழக்கறிஞர்களுக்கு நாற்காலி; மற்றவர்களுக்கு முக்காலி. முதல் நாளே முக்காலியைக் காலால் உதைத்துத் தள்ளிவிட்டு நேசமணி நாற்காலியில் அமர்ந்தார் என்று குமரி மாவட்டத்தில் இன்றும் பெருமையோடு சொல்கிறார்கள். நமக்குரிய இடத்தை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும் என்னும் பாடத்தை அவர் சட்டப் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை போலும்!

1940-களில் நாகர்கோவில் நகர்மன்றத் தலைவராகவும், திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் சபை உறுப்பினராகவும் அவர் பணியாற்றினார்.

திருவிதாங்கூர்த் தமிழர்

திருவிதாங்கூரின் தெற்கிலும் கிழக்கு மலைகளிலும் தமிழர் பெருந்தொகையாக வாழ்ந்தனர். ஆனால் ஆட்சிமொழி மலையாளம். நஞ்சை உழும் ஏழை உழவன் தன் நிலத்தைப் பற்றிய தாளைப் படிக்கவே இன்னொருவர் துணையை நாட வேண்டியிருந்தது. இக்குறையை நீக்க 1945 டிசம்பரில் சாம் நத்தானியேல் உள்ளிட்டோர் நாகர்கோவிலில் ஓர் அமைப்பைத் தொடங்கினர். அதுவே திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் என வளர்ந்தது. 1947 செப்டம்பரில் நேசமணி அதில் சேர்ந்து, அதன் தலைமகனாக விளங்கினார். மக்கள் அவரை மார்ஷல் என்று அழைத்தனர். படை நடத்தாத படைத்தலைவர் அவர்.

1948 பிப்ரவரித் தேர்தலில் தமிழ்ப் பகுதிகளின் பெரும்பாலான இடங்களை அக்கட்சி வென்றது. அத்தேர்தலை ஒட்டிய துப்பாக்கிச் சூட்டில் மங்காடு தேவசகாயம், கீழ்குளம் செல்லையா ஆகிய இருவர் உயிர் நீத்தனர்.

டில்லி மன்றத்தில்

1952-இல் நடந்த முதல் பொதுத்தேர்தலில் நாகர்கோவில் தொகுதி நேசமணியை மக்களவைக்கு அனுப்பியது. தேர்தல் நடந்த 489 இடங்களில் அவருடைய கட்சிக்குக் கிடைத்தது அந்த ஒன்றே ஒன்றுதான். நம் திருப்பூரின் சார்பில் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார் அமர்ந்திருந்ததும் அதே மக்களவையில்தான் என்பதை இவ்விடத்தில் நினைவூட்ட விரும்புகிறேன். ஆளுங்கட்சியின் பலமோ, பின்னால் அணிவகுக்க ஆட்களோ இல்லாத நேசமணி, தம் ஊரை ஒன்றையே பலமாகக் கொண்டு அங்கே நின்றார்.

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை, நெய்யாற்றின்கரை, தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகிய ஒன்பது தாலுகாக்களும் தமிழகத்தோடு சேர வேண்டும் என்பதே கோரிக்கை.

கண்ணீர் ஆண்டு

1954-ஆம் ஆண்டு இப்போராட்டத்தின் கண்ணீர் ஆண்டு. தேவிகுளம், பீர்மேட்டுத் தோட்டத் தொழிலாளர்கள் மீது நடந்த கெடுபிடிகளைக் கண்டித்து, தடையை மீறி மூணாறு சென்ற நேசமணியும் தோழர்களும் கைது செய்யப்பட்டனர். தம் தொகுதி மக்கள் மட்டுமே தம் மக்கள் என்று அவர் இருந்திருந்தால் அந்த மலையேற்றம் அவருக்குத் தேவையே இல்லை. அந்நாட்களில் போலீஸ் வந்ததையும், தம் தந்தை சில இரவுகள் வீடு திரும்பாததையும் அப்பத்தா இன்னும் மறக்கவில்லை.

ஆகஸ்டு 11-ஆம் நாள் தென் தாலுகாக்களில் மக்கள் ஊர்வலமாகத் திரண்டனர். மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் பலர் மாண்டனர். அப்போது ஆட்சியில் இருந்தது பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்டு அமைச்சரவை. அக்கட்சியின் பொதுச்செயலாளராக இருந்த ராம் மனோகர் லோகியாவே தம் கட்சி அரசு பதவி விலக வேண்டும் என்று கேட்டார். அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அந்த அமைச்சரவை கவிழ்ந்தது.

கிடைத்ததும் கிடைக்காததும்

பசல் அலி தலைமையிலான மாநிலச் சீரமைப்புக் குழு 1955 செப்டம்பர் 30 அன்று அறிக்கை தந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டை ஆகிய ஐந்தும் தமிழகத்துக்கு எனப் பரிந்துரைத்தது. தேவிகுளமும் பீர்மேடும் இல்லை.

தேவிகுளத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 72 பேரும், பீர்மேட்டில் 44 பேரும் தமிழர் என்று கணக்கு இருந்தது. ஆனால் அவர்களில் பலர் தோட்ட வேலைக்கு வந்து போகிறவர்கள் என்றும், மொழிக் கணக்கு ஒன்றே முடிவு செய்யப் போதாது என்றும் குழு கருதியது. அவ்வறிக்கை 1955 டிசம்பரில் மக்களவையில் விவாதத்துக்கு வந்தபோது, தம் தாலுகா கிடைத்துவிட்டது என்று நேசமணி வாய்மூடி இருக்கவில்லை. தேவிகுளத்துக்காகவும் பீர்மேட்டுக்காகவும் எழுந்து வாதாடினார். பயன் விளையவில்லை.

1956 நவம்பர் 1 அன்று நான்கு தாலுகாக்கள் கொண்ட கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது. செங்கோட்டையின் ஒரு பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது. பள்ளியாடி தமிழகம் ஆயிற்று. அப்பத்தாவின் மலை கேரளம் ஆயிற்று.

இறுதி நாட்கள்

நோக்கம் நிறைவேறியதும் அவரது கட்சி காங்கிரசோடு கலந்தது. 1957-இல் கிள்ளியூரிலிருந்து சென்னைச் சட்டமன்றத்துக்கும், 1962, 1967 ஆகிய ஆண்டுகளில் நாகர்கோவிலிலிருந்து மீண்டும் மக்களவைக்கும் தேர்வானார். 1967-இல் தமிழகத்தில் காங்கிரஸ் பிடித்தவை மூன்றே மக்களவை இடங்கள். அவற்றுள் ஒன்று அவருடையது. உறுப்பினராக இருந்தபடியே 1968 ஜூன் 1 அன்று மறைந்தார். அவர் விட்டுச்சென்ற இடத்துக்கு 1969-இல் நடந்த இடைத்தேர்தலில் வென்றவர் பெருந்தலைவர் காமராசர். நாகர்கோவிலில் எழுந்துள்ள மணிமண்டபம் இன்று அவர் நினைவைச் சொல்கிறது.

நாம் கற்க வேண்டியது

நண்பர்களே! கேரளத்தின் மீது எனக்குப் பகை இல்லை. அந்த மலைதான் என் முன்னோருக்குச் சோறு போட்டது. ஆனால் ஒரு கேள்வி மட்டும் மனத்தை விட்டு அகலவில்லை. வேலைக்கு வந்தவன் ஊர்க்காரனாக எத்தனை ஆண்டு ஆக வேண்டும்? பிறந்து, வளர்ந்து, பிள்ளை பெற்ற பின்னும் அவன் வந்து போகிறவன்தானா?

இக்கேள்வி இன்று நம் வாசலிலேயே நிற்கிறது. தோட்டத்து லயத்தைப் போலவே வேலம்பாளையத்திலும் வரிசை வீடுகள் உண்டு. லைன் வீடு என்கிறோம். அங்கே நேற்று மதுரையும் தேனியும் குடியிருந்தன. இன்று பீகாரும் ஒடிசாவும் குடியிருக்கின்றன. அவர்களின் குறையை எழுந்து சொல்ல யார் இருக்கிறார்கள்? நேற்று வந்த நாமே இன்று அவர்களை வெளியூர்க்காரர் என்று ஒதுக்கினால், நேசமணியைப் புகழ நமக்கு என்ன தகுதி?

தம் ஊருக்காகப் பேசியவர் நேசமணி. தமக்கு ஓட்டுப் போடாத மலைமக்களுக்காகவும் பேசியவர். முன்னதில் வென்றார், பின்னதில் தோற்றார். தோற்ற அந்தப் பேச்சைத்தான் எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பத்தா இத்தனை ஆண்டுகள் நினைவில் வைத்திருந்து எனக்குச் சொன்னார். நாளை நம்மில் எவரேனும் ஒரு மன்றத்தில் நின்று பேசும் வாய்ப்புப் பெற்றால், லைன் வீட்டில் இருப்பவர்களையும் நம் ஊராக எண்ணிப் பேசுவோமாக!