கதைக்குச் சலங்கை கட்டிய கலையரசி

எங்கள் தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் திருவிழா வந்தால் பாரதக் கூத்து நடைபெறும். கதை ஒன்றுதான், ஆனால் ஓர் இரவில் முடியாது. இரவுதோறும் ஒரு பகுதியாக விடிய விடிய ஆடுவர். அன்னையரின் மடியில் அரைத்தூக்கத்தில் அதைக் கண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். பெண் வேடத்தையும் ஆண்களே புனைவதைக் கண்டு, பெண்கள் ஏன் ஆடக்கூடாது என்று நாங்கள் கேட்டதுண்டு. அக்கேள்விக்குத் தம் வாழ்வையே விடையாக்கியவர் ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார்.

அம்மையார் 1904-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 29-ஆம் நாள் மதுரையில் பிறந்தார். தந்தையார் நீலகண்ட சாஸ்திரி பொறியாளர். 1920-இல் ஆங்கிலேயரான ஜார்ஜ் அருண்டேலை மணந்தபோது ஊரார் தூற்றினர். அம்மையார் கலங்கவில்லை. ரஷ்ய நாட்டு நடனமணி அன்னா பாவ்லோவாவின் நட்பு கிடைத்தது. சொந்த நாட்டுக் கலையைத் தேடுமாறு அவரே அம்மையாரைத் தூண்டினார்.

அக்காலத்தில் சதிர் எனப்பட்ட நம் நடனத்தைக் கோயில் நடன மகளிர் வழிவழியாகக் காத்து வந்தனர். சமூகமோ அவர்களை இழிவாக நோக்கியது. மற்றக் குடும்பப் பெண்கள் அதைக் கற்க அஞ்சினர். அம்மையார் அஞ்சாமல் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்றார். 1935-இல், தமது 31-ஆம் வயதில், அடையாற்றில் மேடை ஏறினார். மறு ஆண்டே கலாக்ஷேத்திராவை நிறுவினார்.

ஒருவரே ஆடிய கலையில் பலரை ஆடவைத்து, முழுக்கதையையும் மேடையில் காட்ட விழைந்தார். 1944-இல் திருக்குற்றாலக் குறவஞ்சி நாட்டிய நாடகமாயிற்று. பாடகர்கள் ஒருபுறம் அமர்ந்து பாட, ஆடுவோர் கையாலும் கண்ணாலும் கதை சொன்னார்கள். பின்னர் இராமாயணத்தை எடுத்துக்கொண்டார். நம் ஊர்க் கூத்தைப் போல அதுவும் ஒரே நாளில் முடியவில்லை. 1955-இல் சீதையின் சுயம்வரத்தில் தொடங்கி, 1970-இல் பட்டாபிஷேகம் வரை ஆறு நாடகங்களாயிற்று. இசையமைத்த மைசூர் வாசுதேவாச்சாரியார் 1961-இல் மறைந்தார். அவருடைய பேரர் ராஜாராம் அப்பணியை நிறைவு செய்தார்.

அம்மையாரின் அன்பு வாயற்ற உயிர்கள்மீதும் படர்ந்தது. 1952-இல் மாநிலங்களவை உறுப்பினரானார். விலங்குகளை வதைப்பதைத் தடுக்கும் சட்டம் 1960-இல் நிறைவேற அவர் முயற்சியே வழிவகுத்தது. 1977-இல் குடியரசுத் தலைவர் பதவி தேடி வந்தபோது, அதை ஏற்க மறுத்துக் கலைப்பணியிலேயே நிலைத்தார். 1986-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 24-ஆம் நாள் இயற்கை எய்தினார்.

எங்கள் வகுப்புத் தோழி ஒருத்திக்கு நடனம் என்றால் உயிர். ஆயினும், நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று அஞ்சி, வீட்டார் இவ்வாண்டு விழாவில் ஆட அவளை அனுமதிக்கவில்லை. திரைக்குப் பின்னால் நின்று எங்களுக்குச் சலங்கை கட்டிவிட்டவள் அவளே. அவள் விரல்கள் தாளம் போட்டதை நாங்கள் கண்டோம். அன்புள்ள பெற்றோர்களே, நாலு பேருக்கு அஞ்சி அம்மையாரும் நின்றிருந்தால், இன்று ஆயிரமாயிரம் சிறுமியர் அச்சமின்றிப் பரதம் பயில முடியுமா? அடுத்த ஆண்டு எங்கள் தோழியும் எங்களோடு மேடை ஏற வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

— பத்தாம் வகுப்பு மாணவி