கதையில் பிறந்த பெயர்

மஸோகிஸம் என்னும் சொல்லை அறிந்தோர் பலர். அதனுள் ஒரு நாவலாசிரியரின் குடும்பப்பெயர் புதைந்திருப்பதை அறிந்தோர் சிலரே. லியோபோல்ட் ஃபான் ஸாகர்-மஸோக் 1836ஆம் ஆண்டு லெம்பெர்க் நகரில் பிறந்தார். இன்று உக்ரைனில் லிவீவ் என வழங்கும் அந்நகர் அன்று ஆஸ்திரியப் பேரரசின் கலீஸியா மாநிலத் தலைநகர். தந்தையார் அங்குக் காவல்துறைத் தலைவர். 1846இல் கலீஸிய உழவர்கள் நிலக்கிழார்களை வெட்டிச் சாய்த்தபோது சிறுவருக்கு வயது பத்து. கொடுமையும் அதிகாரமும் அவர் எழுத்தில் பின்னர் உருமாறித் தோன்றியதற்கு இவ்விளமையும் ஒரு காரணமாகலாம்.

கிராட்ஸ் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்த அவர் விரைவிலேயே இலக்கியத்தின்பால் திரும்பினார். காதல், உடைமை, அரசு, போர், உழைப்பு, இறப்பு என்னும் ஆறு பொருள்களில் காயீனின் மரபுரிமை என்ற பெருந்தொடரைத் திட்டமிட்டார். அதன் காதற்பகுதியில், 1870இல், உரோம ஆடையில் வீனஸ் வெளிவந்தது. செவெரின் என்பவன் வாண்டா என்பவளுக்கு ஒப்பந்தம் எழுதித் தந்து அடிமையாகின்றான். கிரெகோர் என்ற ஏவலாளாய் இத்தாலி செல்கின்றான். இறுதியில் அவள் வேறொருவன் கையில் சவுக்கைக் கொடுத்துவிட, மயக்கம் தெளிகின்றான்.

கதைக்கு முந்தியது வாழ்க்கை. 1869 டிசம்பரில் ஃபேனி பிஸ்டோர் என்பாருக்கு ஆறு திங்கள் அடிமையாயிருப்பதாக மஸோக் உண்மையிலேயே கையொப்பமிட்டார். ஏவலர் உடையில் அவருடன் இத்தாலிக்கும் சென்றார். எனினும் அவ்வொப்பந்தத்தில் ஒரு விதி உண்டு: நாள்தோறும் ஆறு மணிநேரம் எழுதுவதற்கு ஒதுக்கப்பட வேண்டும், அவருடைய மடல்களையும் எழுத்துகளையும் தலைவி பார்த்தலாகாது. அடிமை தன் எழுதுமேசையை மட்டும் எழுதிக் கொடுக்கவில்லை! ஆட்டத்தின் விதிகளை வகுத்தவர் யார் என்பதற்கு வேறு சான்று வேண்டா. இருவரும் உடன்பட்டு, கால எல்லை வகுத்து ஆடிய ஆட்டமாதலின் அது பெருந்தீங்கின்றி முடிந்தது.

அடுத்தது அவ்வாறு முடியவில்லை. கிராட்ஸில் கையுறை தைத்துப் பிழைத்த அவுரோரா ரூமெலின் என்ற ஏழைப்பெண், கதைத்தலைவியின் பெயராலேயே அவருக்கு மடல் எழுதினாள். 1873இல் திருமணம் நிகழ்ந்தது. அகத்திணை மாந்தரைப் பெயர் சுட்டலாகாது என்ற நம் மரபின் நுட்பம் எனக்கு இவ்விடத்திற்றான் முழுதும் விளங்குகின்றது. புனைவின் பெயர் ஓர் உடலின்மேல் ஏறியமர்ந்தது. உரோம ஆடை, சவுக்கு, இவற்றுக்கும் மேலாக அயலாடவனை நாடுமாறு கணவரே விடுத்த வற்புறுத்தல். வறுமையும் குழந்தைகளும் நிறைந்த வீட்டில் அவள் விரும்பாத வேடத்தை நாள்தோறும் புனைய வேண்டியிருந்தது. நாவலின் வாண்டா சலிப்புற்றபோது விலகிச் சென்றாள். இவளுக்கோ அவ்வாறு செல்ல இடமில்லை. 1880களிலேயே பிரிவு நேர்ந்தது.

இதே மஸோக்தான் லைப்ஸிக்கில் இதழ் நடத்திப் பெண்ணுரிமைக்கும் யூதர் நலனுக்கும் வாதாடியவர். பிற்காலத்தில் லிண்ட்ஹைம் சிற்றூரில் மக்கட்கல்விக்கு உழைத்தவர். இம்முரணை மழுப்ப நான் விரும்பவில்லை.

1890இல் உளமருத்துவர் கிராஃப்ட்-எபிங், உயிரோடிருந்த அவருடைய பெயரை ஒரு நோய்க்குச் சூட்டினார். கதையை நோயாளியின் வாக்குமூலமாகவே அவர் படித்தார். காயீன் தொடரும் கலீஸியக் கதைகளும் அப்பெயரின் நிழலில் மறைந்தன. 1895இல் மஸோக் மறைந்தார்.

1906இல் அவுரோரா தன் வாழ்க்கையை நூலாக வெளியிட்டாள். அட்டையில் ஆசிரியர் பெயராக நின்றது வாண்டா ஃபான் ஸாகர்-மஸோக்.